அந்தி ஒளியில் ஒரு வாயுவின் கணக்கு

தலைக்கு மேல் 20, 30 கிலோமீட்டர் உயரத்தில் கலந்து கிடக்கும் ஒரு வாயுவைத் தரையில் நின்றவாறே அளந்துவிட இயலுமா? இயலும் என்றால் வாசகர்கள் வியப்படையலாம். அதற்கு வேண்டுவன இரண்டே: கதிரவனின் ஒளியும், அவ்வொளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் கருவியும்.

நைட்ரஜன் டை ஆக்ஸைடு என்பதே அவ்வாயு. எரிபொருள் கடும் வெப்பத்தில் எரியும் இடமெல்லாம் அது பிறக்கிறது. வாகனப் புகையில் அது உண்டு. அனல்மின் நிலையப் புகையிலும் உண்டு. வானின் மேலடுக்கிலோ அதற்கு மூலம் வேறு. மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் வெளியிடும் நைட்ரஸ் ஆக்ஸைடு மெல்ல மெல்ல மேலேறி, அங்கே சிதைந்து இவ்வாயுவுக்கு வித்தாகிறது.

மேலடுக்கில்தான் நம்மைப் புற ஊதாக் கதிர்களினின்றும் காக்கும் ஓசோன் படலம் உள்ளது. நைட்ரஜன் ஆக்ஸைடுகள் ஓசோனை அழிக்க வல்லவை என்று 1970இல் பால் க்ரட்ஸன் எடுத்துரைத்தார். 1995இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்ற மூவருள் அவரும் ஒருவர். ஆயினும், ஓசோனைத் தின்னும் குளோரினைப் பிணைத்து வைக்கும் ஆற்றலும் இதே வாயுவுக்கு உண்டு. எனவே, அது எவ்வளவு இருக்கிறது என்பதை அறிவது இன்றியமையாததாயிற்று.

அளக்கும் முறை எளிய உண்மை ஒன்றின்மீது நிற்கிறது. இவ்வாயு செம்பழுப்பாகத் தோன்றுவதற்குக் காரணம், அது நீல ஒளியை விழுங்கிக்கொள்வதே. அதனூடே வரும் ஒளியை நிறமாலையாக விரித்தால், நீலப் பகுதியில் சில குறிப்பிட்ட இடங்கள் மங்கியிருக்கும். மங்கலின் அளவே வாயுவின் அளவைச் சொல்லும். 1973இல் கனடாவில் ஆலன் ப்ரூவரும் உடன் ஆய்வாளர்களும், 1975இல் அமெரிக்காவில் ஜான் நாக்ஸனும் இவ்வழியில் கண்ட முடிவுகளை வெளியிட்டனர்.

இதற்கு ஏற்ற வேளை எது தெரியுமா? பஜ்ரு நேரம் முடிந்து கதிரவன் எழும் வேளையும், மஃரிபு நேரம் தொடங்கும் வேளையுமே. அப்போது ஒளி சாய்வாக நுழைந்து, மேலடுக்கினூடே நெடுந்தொலைவு கடந்து, பின்னரே சிதறிக் கீழே வருகிறது. நேர் செங்குத்தான பாதையைப் போல் பதினைந்து மடங்குக்கும் மேலான வாயுவை அது சந்திக்கிறது. ஆகவே மங்கலும் தெளிவாகத் தெரிகிறது. உச்சி வானை நோக்கி வைத்த கருவி இதனைப் பதிவு செய்யும். நண்பகலில் பதிந்த ஒளியோடு ஒப்பிட்டால் வாயுவின் கணக்குக் கிடைத்துவிடும்.

நியூசிலாந்தின் தென் தீவில் லாடர் என்னும் சிற்றூர் உள்ளது. பெருநகரப் புகை அண்டாத அவ்விடத்தில் 1980 முதல் காலையும் மாலையும் இவ்வளவீடு தொடர்ந்தது. அதன் பயன் 1991இல் விளங்கியது. அவ்வாண்டு ஜூன் 15இல் பிலிப்பைன்ஸ் நாட்டின் பினடூபோ எரிமலை வெடித்து, ஒரு கோடி டன்னுக்கும் மிகுதியான கந்தக டை ஆக்ஸைடை வானுக்கு ஏற்றியது. அது கந்தக அமிலத் துளிகளாகி உலகெங்கும் பரவிற்று. சில மாதங்களில் லாடரில் மேலடுக்கு வாயுவின் அளவு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்திருந்தது!

காரணம் இதுதான். இரவில் இவ்வாயு வேறொரு சேர்மமாக மாறி, பகலில் மீண்டும் பழைய நிலைக்கு வரும். அமிலத் துளிகளோ அச்சேர்மத்தை நைட்ரிக் அமிலமாக மாற்றி, அது விரைவில் திரும்பி வராதபடி தடுத்துவிட்டன. பிணைப்பாரின்றிக் குளோரின் வலுப்பெற்றது. 1992இன் பிற்பகுதியிலும் 1993இன் தொடக்கத்திலும் உலக ஓசோனின் அளவு, அதுவரை பதிவானவற்றுள் மிகத் தாழ்ந்த நிலையை எட்டியது. எரிமலைக்கு முன்பிருந்தே பொறுமையாகக் குறித்து வைத்த ஏடு இல்லையேல், குறைந்தது எவ்வளவு என்று எவரால் கூற முடிந்திருக்கும்?

கருவியை அடிவானை நோக்கித் திருப்பினால், நாம் மூச்சுவிடும் காற்றிலுள்ள இவ்வாயுவையும் அளக்கலாம். செயற்கைக்கோள்கள் தரும் கணக்கைச் சரிபார்ப்பதும் இத்தகைய தரைக் கருவிகளே. இக்கணக்கு நம் பிள்ளைகளின் மூச்சோடு தொடர்புடையது. இவ்வாயு சுவாசக் குழலை உறுத்தும், ஆஸ்துமாவை மிகைப்படுத்தும். ஒரு கனமீட்டர் காற்றில் ஆண்டுச் சராசரி 40 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்றிருந்த உலக சுகாதார நிறுவனம், 2021இல் அவ்வரம்பை 10 ஆகக் குறைத்துவிட்டது.

நம் அடுக்களைக் கேஸ் அடுப்பின் நீலச் சுடரும் இவ்வாயுவை உண்டாக்குகிறது என்பதைத் தாய்மார்கள் நினைவிற்கொள்ள வேண்டும். அங்கே எந்தக் கருவியும் நமக்காகக் கணக்கு எழுதுவதில்லை. ஆதலின் அடுப்பு எரியும்போதெல்லாம் சன்னலைத் திறந்து வையுங்கள். புகைபோக்கி விசிறி இருப்பின் அதனை ஓடவிடுங்கள். மூச்சிரைப்புள்ள குழந்தையை அடுப்பருகே அமர்த்தாதீர்கள்.