உங்களுக்குத் தெரியுமா? அலமாரிக்குள் ஒரு சாரணர் அருங்காட்சியகம்

2024 பெப்ரவரியில் 10ஆவது தேசிய சாரணர் ஜம்போரி நம் திருகோணமலையில் நடந்தது. கூடாரங்களைப் பிரித்துவிட்டார்கள். அன்று அணிந்த சின்னங்களும் கழுத்துத் துணிகளும் இன்னும் பல வீட்டு அலமாரிகளில் கிடக்கின்றன. அவற்றைப் பத்திரப்படுத்துமுன் இவற்றைப் படியுங்கள்.

● மாத்தளையில் முதல் அடி: 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் 20 சிறுவர்களோடு சாரணியத்தின் நிறுவனர் பேடன் பவல் முகாமிட்டார். ஐந்தே ஆண்டுகளில், 1912இல், எப். ஜி. ஸ்டீவன்ஸ் மாத்தளை கிறைஸ்ட் சர்ச் கல்லூரியில் இலங்கைச் சாரணியத்தைத் தொடங்கிவிட்டார். பெண் சாரணியம் 1917இல் கண்டியில் பிறந்தது.

● 35 சதச் சாட்சி: சாரணியத்தின் பொன்விழாவுக்கு இலங்கை 1962இல் 35 சத முத்திரை வெளியிட்டது. பெண் சாரணியரின் பொன்விழா முத்திரை 1967இல் வந்தது. தாத்தாவின் பழைய முத்திரைத் தொகுப்பைப் புரட்டிப் பாருங்கள்.

● சைக்கிள் சிறுவன்: தென்னாபிரிக்காவின் மஃபெக்கிங் நகரம் 217 நாள் முற்றுகையில் இருந்தபோது, சிறுவர் படை தபால் சுமந்து உதவியது. 1900இல் அங்கேயே அச்சிட்ட முத்திரையில் அப்படையின் சிறுவன் ஒருவன் சைக்கிளோடு நிற்கிறான். சாரணியம் பிறக்க வித்திட்ட பேடன் பவலின் அனுபவங்களில் அதுவும் ஒன்று.

● மர மணிகள்: சாரண ஆசிரியர்கள் கழுத்தில் தோல்நாரில் கோத்த சிறு மர மணிகளைக் கண்டிருப்பீர்கள். 1919இல் கில்வெல் பூங்காவில் நடந்த முதல் பயிற்சியை முடித்தவர்களுக்கு, சூலு மன்னர் டினுசூலுவினுடையது எனப்படும் மாலையிலிருந்து எடுத்த மணிகளையே வழங்கினார்கள். இன்று அணிபவை அவற்றின் மாதிரிகள்.

● வண்ணத்துப்பூச்சிக் கோட்டை: உளவு பார்த்த காலத்தில், தான் கண்ட கோட்டையின் அமைப்பைப் பூச்சியின் இறகுக் கோடுகளுக்குள் மறைத்து வரைந்ததாகப் பேடன் பவல் 1915இல் எழுதினார். பிரெட்ரிக் கோட்டையைத் தினமும் பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு அருமையான வரைதல் பயிற்சி இது!

● இடம் மாறிய காட்சியகம்: அமெரிக்காவின் தேசிய சாரணர் அருங்காட்சியகம் 1960இல் நியூஜெர்சியில் தொடங்கி, கென்டக்கி, டெக்சாஸ் என்று நகர்ந்து, 2018இல் நியூமெக்சிகோவின் பில்மாண்ட் சாரணர் முகாமில் நிலைகொண்டது.

● வட்டமும் புள்ளியும்: கென்யாவின் நியேரியில் பேடன் பவல் கடைசியாக வாழ்ந்த ‘பாக்ஸ்டு’ குடில் இன்று அருங்காட்சியகம். பின்னாளில் புலி வேட்டைக்காரர் ஜிம் கார்பெட்டும் அதே குடிலில் வாழ்ந்தார். பேடன் பவலின் கல்லறையில் பொறித்திருப்பது வட்டமும் நடுவே ஒரு புள்ளியும். சாரணர் தடக்குறியில் அதன் பொருள்: ‘நான் வீடு திரும்பிவிட்டேன்.’

● பழைய சொல்: ‘சாரணர்’ சிலப்பதிகாரத்திலேயே வருகிறார்கள். அங்கே அவர்கள் வான்வழி செல்லும் சமண முனிவர்கள்.

இனி உங்கள் அலமாரி: துறைமுக நகரின் உப்புக்காற்று உலோகச் சின்னத்தைத் துருப்பிடிக்க வைக்கும், துரு துணியிலும் கறையாக ஏறும். சின்னத்தைக் கழற்றித் தனியே வையுங்கள். முகாம் படத்தின் பின்புறம் ஆண்டையும் இடத்தையும் நிற்பவர்களின் பெயர்களையும் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பெயர் தெரிந்தவர்கள் பக்கத்தில் இருக்கும் இன்றே எழுதிவிடுங்கள்.