கையொப்பம் அசல்… கோப்பு நல்லதா? தெரியுமா?

இறக்கி வைத்த இன்ஸ்டாலரை டபுள் கிளிக் செய்கிறீர்கள். ‘சரிபார்க்கப்பட்ட வெளியீட்டாளர்’ என்று ஒரு கம்பெனியின் பெயரைக் காட்டி, அனுமதிக்கலாமா என்று விண்டோஸ் கேட்கிறது. ‘ஆம்’ அழுத்துமுன் ஒரு நிமிடம்! அந்தப் பெயர் எப்படி அங்கே வந்தது தெரியுமா?

கோப்பு எத்தனை ஜிபி இருந்தாலும், எஸ்எச்ஏ-256 என்ற கணக்கு அதை வெறும் 64 எழுத்துகளாகப் பிழிந்துவிடும்! உள்ளே ஒரே ஒரு பிட் மாறினால் போதும், அந்த 64 எழுத்து ஆளே தெரியாமல் மாறிப்போகும். இப்படிக் கிடைக்கும் அடையாளத்தின் மேல்தான் கம்பெனி தன் ரகசியச் சாவியால் கையொப்பமிடுகிறது.

சாவியே களவு போனால்? போனதே! ஈரானின் நதான்ஸ் அணு நிலையத்தில் சென்ட்ரிஃப்யூஜ்களைச் சீரழித்து, 2010-ல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட் என்ற தீநிரலின் டிரைவர்களில் இருந்தவை ரியல்டெக், ஜேமைக்ரான் என்ற இரண்டு தைவான் கம்பெனிகளின் அசல் கையொப்பங்கள். இரண்டுக்கும் அலுவலகம் ஒரே சிஞ்சு அறிவியல் பூங்காவில்!

திருடக்கூட வேண்டாம், கேட்டே வாங்கியவர் உண்டு! 2001 ஜனவரியில் ‘நான் மைக்ரோசாஃப்ட் ஊழியர்’ என்று சொன்ன ஒருவருக்கு, ‘இந்தச் சாவி இன்னாருடையது’ என்று சான்றிதழ் தரும் வெரிசைன் நிறுவனம் மைக்ரோசாஃப்ட் பெயரிலேயே இரண்டு சான்றிதழ்களைக் கொடுத்துவிட்டது.

2012-ல் பிடிபட்ட ஃப்ளேம் என்ற தீநிரல் இன்னும் மலைக்க வைக்கிறது. எம்டி5 என்ற பழைய கணக்கின் பலவீனத்தைப் பிடித்து, மைக்ரோசாஃப்ட் சான்றிதழையே போலியாகச் செய்து, விண்டோஸ் அப்டேட் வேடத்தில் கணினிகளுக்குள் புகுந்தது!

எனக்கு எல்லாவற்றிலும் பெரிய திகில் 2017-ன் சிசிகிளீனர் 5.33, கணினியைச் சுத்தம் செய்யும் மென்பொருள். அதிகாரபூர்வத் தளம், அசல் சாவி, அசல் கையொப்பம். கையொப்பமிடும் முன்பே உள்ளே விஷம்! ஏறத்தாழ 22.7 லட்சம் பேர் அதை நிறுவியிருந்தார்கள். ‘கொடுத்தது யார், வழியில் மாறியதா’ என்பதற்கு மட்டுமே கையொப்பம் பதில் சொல்லும். உள்ளே இருப்பது நல்லதா என்று அதைக் கேட்கவே முடியாது.

வழியில் மாறியதைக்கூடச் சில நேரம் சொல்லாது தெரியுமா? கையொப்பம் ஒட்டியிருக்கும் பகுதி அந்தக் கணக்கில் சேர்வதில்லை. 2023-ல் 3சிஎக்ஸ் என்ற தொலைபேசி மென்பொருள் மீதான தாக்குதலில், மைக்ரோசாஃப்ட் கையொப்பமிட்ட ஒரு கோப்பின் அந்த இடுக்கிலேயே விஷத்தைச் செருகினார்கள். விண்டோஸோ ‘கையொப்பம் சரி’ என்றது! இதற்கான திருத்தம் 2013-லேயே வந்துவிட்டது. நாமாக இயக்கினால்தான் வேலை செய்யும்.

ஆகவே கோப்பை ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் ‘டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்’ பகுதிக்குப் போங்கள். பெயரை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். ‘டீடெய்ல்ஸ்’ அழுத்தி, கையொப்பம் சரி என்ற வரி வருகிறதா பாருங்கள். வந்தாலும் நிறுத்தாதீர்கள்! விண்டோஸிலேயே இருக்கும் ‘சர்ட்யூட்டில்’ (certutil) என்ற கருவி அந்த 64 எழுத்தை எடுத்துத் தரும். தயாரிப்பாளர் தன் தளத்தில் அதை வெளியிட்டிருந்தால் ஒப்பிடுங்கள். வைரஸ்டோட்டல் என்ற இணையதளத்தில் அந்த 64 எழுத்தை மட்டும் தேடினால் போதும், கோப்பை அனுப்பவே வேண்டாம்! பல பத்து ஆன்ட்டிவைரஸ்களின் தீர்ப்பு அங்கே வரிசையாக வந்து நிற்கும். ஊரே பயன்படுத்தும் பழைய மென்பொருள் என்று சொல்லிக் கிடைத்த கோப்புக்கு ‘எதுவும் கிடைக்கவில்லை’ என்று வந்தால், அதைத் திறக்காதீர்கள்.