கெட்டி மேளம் கொட்டும் நேரம்!
கல்யாணத்தில் நல்ல போட்டோ எடுப்பது எப்படி?

கல்யாணம் முடிந்தது. பந்தலைப் பிரித்துவிட்டார்கள். மாலை வாடிவிட்டது. உறவினர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருப்பது என்ன?

போட்டோதான்!

ஆல்பத்தைத் திறந்து பார்க்கிறார்கள். தாலி கட்டும் காட்சியைக் காணோம். அந்த இடத்தில் யாரோ ஒருவருடைய முதுகு இருக்கிறது. மணப்பெண்ணின் பாட்டி தள்ளாத வயதிலும் வந்திருந்தார். பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவரைப் படம் எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. அடுத்த பொங்கலுக்குள் பாட்டி கண்ணை மூடிவிட்டார். சுவரில் மாட்ட ஒரு படம்கூட இல்லை.

இந்த வருத்தம் பல வீடுகளில் உண்டு. கொஞ்சம் முன்யோசனை இருந்தால் இதைத் தவிர்க்கலாம்.

தோலுக்கும் போட்டோவுக்கும் உறவு!

வேலூர், ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி - இவை தோலுக்குப் பெயர் பெற்ற ஊர்கள். இந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு வியப்பான செய்தி. தோல் இல்லாமல் அந்தக் காலத்துப் போட்டோ இல்லை!

1839-ம் ஆண்டில் பிரான்சு நாட்டில் டாகர் என்பவருடைய போட்டோ முறை உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது. அப்போது வெள்ளி பூசிய செம்புத் தகட்டில் படம் பிடித்தார்கள். பிறகு பிலிம் வந்தது. பிலிமின் மேல் வெள்ளி உப்பு பூசப்பட்டிருக்கும். வெளிச்சம் பட்டதும் அது மாறும். அதுதான் படம்.

அந்த உப்பைப் பிலிமோடு ஒட்ட வைத்தது எது? ஜெலட்டின் என்ற பசை. மாட்டின் எலும்பையும் தோலையும் காய்ச்சி எடுப்பது அது. தச்சர்கள் மரத்தை ஒட்டுகிறார்களே வஜ்ஜிரம், அதற்கு நெருங்கிய சொந்தம்!

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சில ஜெலட்டினில் செய்த பிலிம் நன்றாகப் படம் பிடித்தது. சிலவற்றில் செய்த பிலிம் மந்தமாக இருந்தது. காரணம் தெரியாமல் விழித்தார்கள். கோடாக் கம்பெனியின் விஞ்ஞானி சாமுவேல் ஷெப்பர்ட் 1920-களில் அதைக் கண்டுபிடித்தார். மாடு தின்ற கடுகுச் செடியில் கந்தகச் சத்து இருந்தது. அதுதான் பிலிமுக்குக் கூர்மை கொடுத்தது!

பழைய ஸ்டூடியோ காமிராவின் முன்னால் ஆர்மோனியத் துருத்தி போல ஒன்று மடிந்து விரியும். பல காமிராக்களில் அதுவும் தோலால் செய்ததுதான்.

பன்னிரண்டே படங்கள்!

அந்தக் காலத்தில் சதுரப் படம் எடுக்கும் காமிராவில் ஒரு சுருளுக்கு 12 படங்கள்தான். பின்னர் வந்த சிறிய பிலிமில் 36 படங்கள். 1967-ல் ஊட்டித் தொழிற்சாலையில் 'இந்து' பிலிம் தயாராகத் தொடங்கியது. அந்தத் தொழிற்சாலை பின்னர் மூடப்பட்டுவிட்டது.

அப்போது ஒவ்வொரு படத்துக்கும் காசு. ஆகவே யோசித்து எடுத்தார்கள். இப்போது கைபோனில் ஆயிரம் படம் எடுக்கலாம். ஆனால், யோசனை குறைந்துவிட்டது!

முதல் நாளே பட்டியல்

கல்யாணத்துக்கு முதல் நாளே ஒரு தாளை எடுங்கள். யார் யாரைக் கட்டாயம் படம் எடுக்க வேண்டும் என்று எழுதுங்கள். வயதானவர்கள் பெயரை முதலில் எழுதுங்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அடுத்து.

போட்டோகிராபருக்கு உங்கள் உறவினர்களைத் தெரியாது. ஆகவே, எல்லாரையும் அறிந்த ஓர் அத்தையையோ சித்தப்பாவையோ அவரோடு நிறுத்துங்கள். "இவர்தான் பெரிய தாத்தா" என்று காட்டச் சொல்லுங்கள். பெரியவர்களைக் காலையிலேயே படம் எடுத்துவிடுங்கள். சாப்பிட்ட பிறகு களைத்துவிடுவார்கள்.

முகத்தில் வெளிச்சம்

ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றால் முகம் கறுத்துப் போகும். ஜன்னலைப் பார்த்து நிற்கச் சொல்லுங்கள். நண்பகல் வெயிலில் நிறுத்தினால் கண்ணுக்குக் கீழே நிழல் விழும். அந்த நேரத்தில் மரத்தடியோ தாழ்வாரமோ நல்லது.

மணமகனின் வெள்ளை வேட்டி பளிச்சென்று இருக்கும். அந்த வெள்ளையைக் கண்டு காமிரா ஏமாந்துவிடும். படம் முழுவதையும் இருட்டாக்கிவிடும். முகத்தைப் பார்த்து வெளிச்சத்தைச் சரி செய்யுங்கள். கைபோனில் முகத்தின் மேல் விரலால் தொட்டால் போதும்.

தாலி கட்டும்போது...

தாலி கட்டுவது சில விநாடிகள்தான். தவறினால் தவறியதுதான். மறுபடி கட்டச் சொல்ல முடியுமா?

மேளத்தைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். கெட்டி மேளம் தொடங்கியதும் தயாராகிவிட வேண்டும். அட்சதை பறக்கும். எல்லாரும் எழுந்து முன்னால் வருவார்கள். ஆகவே, முன்கூட்டியே மணமேடையின் பக்கவாட்டில் இடம் பிடியுங்கள். ஓமப் புகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து, எதிர்ப்பக்கம் நில்லுங்கள்.

தாலியை மட்டும் பார்க்காதீர்கள். பெண்ணின் தாய் அந்த நேரத்தில் கண் கலங்குவார். நாத்தனார் முடிச்சுப் போடக் காத்திருப்பார். அதுவும் படம்தான்.

சொந்தக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். எல்லாரும் கைபோனைத் தூக்கிப் பிடித்தால், படத்தில் கைபோன்கள்தான் விழும். அந்த ஒரு நிமிடம் கையில் அட்சதை இருக்கட்டும்!

நிக்காஹ் வீட்டில்

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் நிக்காஹ் நடக்கும் வீடுகள் ஏராளம். அங்கே முதல் பாடம் அனுமதி. பெண்கள் பகுதியைப் படம் எடுப்பதைப் பல குடும்பங்கள் விரும்புவதில்லை. கேட்டுவிட்டு எடுங்கள். சில வீடுகளில் பெண் போட்டோகிராபரை அழைக்கிறார்கள். அது நல்ல ஏற்பாடு.

மணமகன் சம்மதம் சொல்வது, பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது, பெரியவர்கள் துஆ கேட்பது - இவை விட்டுவிடக் கூடாத காட்சிகள்.

பிரியாணி தேக்சாவின் மூடியைத் திறக்கும்போது ஆவி எழும். அப்போது வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வரும்படி நின்று எடுங்கள். ஆவி படத்தில் அழகாகத் தெரியும். ஆனால், வாய் நிறையச் சோறு வைத்திருப்பவரைப் படம் எடுக்காதீர்கள்!

தேவாலயக் கல்யாணத்திலும் ஆயரையோ பாதிரியாரையோ முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள். ஜெப நேரத்தில் பிளாஷ் வெளிச்சம் அடிப்பது எல்லாருக்கும் இடைஞ்சல்.

தோல் உறை வேண்டாம்!

வேலூர் வெயில் காமிராவுக்கு ஆகாது. மூடிய காரிலோ ஸ்கூட்டர் பெட்டியிலோ அதை விட்டுவிடாதீர்கள்.

தோல் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த உண்மை ஒன்று: தோல் ஈரத்தை இழுக்கும், மழைக்காலத்தில் பூஞ்சணம் பூக்கும். தோல் உறையில் காமிராவைத் தூக்கிப் போகலாம். மாதக்கணக்கில் அதற்குள் மூடி வைத்தால் லென்ஸிலும் பூஞ்சணம் பிடித்துவிடும். காற்றுப் புகாத டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள்.

கைபோனில் எடுக்கிறவர்கள் முதலில் லென்ஸைச் சுத்தமான துணியால் துடையுங்கள். சந்தனக் கை பட்ட லென்ஸில் படம் மங்கும். இரண்டு கையாலும் பிடியுங்கள். தூரத்தில் நின்று பெரிதாக்காமல், இரண்டு அடி முன்னால் போங்கள். கூட்டமாக எடுக்கும்போது மூன்று நான்கு படம் எடுங்கள். ஒன்றில் ஒருவர் கண்ணை மூடினாலும் மற்றொன்று உதவும்.

காகிதத்தில் அச்சிடுங்கள்

இதுதான் மிக முக்கியம். ஷூ கம்பெனியில் வேலை செய்து, சிறுகச் சிறுகச் சேர்த்துக் கல்யாணம் நடத்துகிற குடும்பங்கள் இந்த ஊர்களில் பல. அந்தக் கல்யாணத்தின் படங்கள் ஒரே ஒரு கைபோனில் இருந்தால் என்ன ஆகும்? போன் தண்ணீரில் விழுந்தால் எல்லாம் போச்சு!

ஆகவே, படங்களை இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். நல்ல படங்களாக 20 பொறுக்கிக் காகிதத்தில் அச்சிடுங்கள். பின்பக்கம் பென்சிலால் தேதியையும் ஊரையும், இருப்பவர்களின் பெயர்களையும் எழுதுங்கள். பேனாவால் அழுத்தி எழுதினால் முன்பக்கம் தடம் தெரியும்.

இன்று எல்லாரையும் உங்களுக்குத் தெரியும். 50 ஆண்டுகள் கழித்து, உங்கள் பேத்தி அந்தப் படத்தைக் கையில் எடுப்பாள். "இந்தப் பாட்டி யார்?" என்று கேட்பாள்.

பதில் படத்தின் பின்னால் இருக்கட்டும்!