பொறி பறக்காத சுவிட்சு

பாட்டரியின் சிவப்புக் கம்பியையும் மோட்டார்க் கட்டுப்பாட்டுப் பெட்டியின் சிவப்புக் கம்பியையும் இணைக்கிறீர்கள். மோட்டார் இன்னும் ஓடத் தொடங்கவில்லை, விளக்கும் எரியவில்லை. ஆனாலும் கம்பிகள் தொட்ட அந்தக் கணத்தில் 'பட்' என்று ஓசை கேட்கிறது. நீல நிறப் பொறி ஒன்று தெறிக்கிறது. இணைப்பானைக் கழற்றிப் பார்த்தால் தங்க முலாம் பூசிய முனையில் ஒரு கரும்புள்ளி. இப்படிப் பலமுறை நடந்தால் முனையே அரித்துப் போய்விடும். வேலை எதுவும் செய்யாத சுற்றில் இத்தனை மின்சாரம் பாய்வானேன்?

மின்சார சறுக்குப் பலகையைத் தாமே செய்து பார்க்கும் மாணவர்கள் முதலில் சந்திக்கும் புதிர் இது. நான்கு சக்கரம் வைத்த ஒரு பலகை, அதன் அடியில் ஒரு மோட்டார், லித்தியம் மின்கலங்களின் அடுக்கு ஒன்று, கையில் ஒரு தொலைக்கட்டுப்பாட்டுக் கருவி. இவ்வளவே அந்த வண்டி. வெளிநாடுகளில் இளைஞர்கள் பொழுதுபோக்காகச் செய்துவந்த இது, இன்று நம் கல்லூரி மாணவர்களின் செயல்திட்டங்களிலும் எட்டிப் பார்க்கிறது. தாயில்பட்டி, வெம்பக்கோட்டை, சிவகாசி வட்டாரத்து வாசகர்களுக்குப் பொறி என்ற சொல்லே ஒரு நடுக்கத்தைத் தரும். ஆகவே இந்தச் சிறு பொறியைச் சற்று விரிவாகவே ஆராய்வோம்.

புதிருக்கு விடை மின்தேக்கியில் இருக்கிறது. மோட்டாரை இயக்கும் கட்டுப்பாட்டுச் சுற்று, மின்னோட்டத்தை நொடிக்குப் பல்லாயிரம் தடவை துண்டித்துத் துண்டித்து அனுப்புகிறது. இந்த வெட்டு ஓட்டத்தால் மின்னழுத்தம் குதிக்காமல் இருக்கப் பாட்டரிக்கு இணையாகப் பெரிய மின்தேக்கிகளை வைத்திருப்பார்கள். சுவீடன் நாட்டுப் பொறியாளர் பெஞ்சமின் வெடர் வடிவமைத்து, எவரும் செய்துகொள்ளலாம் என்று உலகுக்குக் கொடுத்த 'வெஸ்க்' என்னும் கட்டுப்பாட்டுச் சுற்றின் முந்தைய அமைப்பு ஒன்றில் 680 மைக்ரோ ஃபாரட் அளவுள்ள மின்தேக்கிகள் மூன்று இருந்தன. மொத்தம் ஏறத்தாழ 2,000 மைக்ரோ ஃபாரட். மின்னேற்றமில்லாத மின்தேக்கியின் இரு முனைகளுக்கும் இடையே மின்னழுத்தம் சுழி. அதாவது, தொட்ட அந்தக் கணத்தில் பாட்டரியின் கண்ணுக்கு அது வெறும் குறுக்குச் சுற்றாகவே தெரிகிறது!

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போமா? 12 லித்தியம் கலங்களைத் தொடராக இணைத்த அடுக்கு முழுதும் மின்னேறியிருக்கும்போது 50.4 வோல்ட் தரும். பாட்டரியின் அகத்தடை, கம்பி, இணைப்பு எல்லாம் சேர்த்துச் சுற்றின் தடை 0.1 ஓம் என்று கொள்வோம். ஓம் விதிப்படி முதற்கணத்து மின்னோட்டம் 500 ஆம்பியர்! கம்பியின் மின்தூண்டலால் இது சற்றுக் குறையும். ஆனாலும் சில நூறு ஆம்பியருக்குக் குறையாது. நம் வீட்டுச் சுவரில் இருக்கும் சாதாரண சுவிட்சு 6 ஆம்பியருக்கு உரியது என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். தடையையும் மின்தேக்குத் திறனையும் பெருக்கினால் வருவது காலமாறிலி. அது இங்கே 0.2 மில்லி நொடி. அதைப்போல் ஐந்து மடங்கு நேரத்தில், அதாவது ஒரே மில்லி நொடியில், மின்தேக்கி ஏறக்குறைய நிரம்பிவிடும்.

இங்கே ஓர் அழகான செய்தியைக் கவனியுங்கள். மின்தேக்கியில் சேரும் ஆற்றல், மின்தேக்குத் திறனை மின்னழுத்தத்தின் இருமடியால் பெருக்கி, அதில் பாதியாகும். நம் கணக்கில் அது 2.5 ஜூல். ஆனால் பாட்டரி கொடுத்ததோ 5 ஜூல். மீதிப் பாதி எங்கே? அது சுற்றின் தடையில் வெப்பமாகிப் போயிற்று. தடை 0.1 ஓமாக இருந்தாலும் 500 ஓமாக இருந்தாலும் இழப்பு அதே 2.5 ஜூல்தான்! தடையை மாற்றி இழப்பைக் குறைக்க முடியாது. ஆனால் அந்த வெப்பம் எந்த இடத்தில், எவ்வளவு நேரத்தில் வெளிப்பட வேண்டும் என்பதை மட்டும் நாம் தீர்மானிக்கலாம். பொறி தடுக்கும் சுவிட்சுகளின் சூட்சுமம் முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கியிருக்கிறது. பாடநூலில் இதை நிறுவச் சொல்லும் வினாவை மனப்பாடம் செய்து எழுதிவிட்டு மறந்துபோகும் மாணவர்கள், ஒருமுறை கருகிய இணைப்பானைக் கையில் எடுத்துப் பார்த்தால் மறக்கமாட்டார்கள்.

50 வோல்ட் காற்றைத் துளைக்குமா என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. சாதாரணக் காற்றில் மின்முறிவு ஏற்பட, இடைவெளி எவ்வளவு சிறியதானாலும், 300 வோல்ட்டுக்கு மேல் தேவை. ஆகவே இது மின்னலைப் போன்ற பொறியன்று. இரு உலோகப் பரப்புகள் எவ்வளவு வழுவழுப்பாகத் தெரிந்தாலும், உண்மையில் ஒன்றையொன்று தொடுவது ஊசிமுனை போன்ற சில மேடுகளில்தான். அந்த மேடுகள் வழியே நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும்போது அங்கே உலோகம் உருகுகிறது (செம்பின் உருகுநிலை 1,085 செல்சியஸ்), ஆவியாகிறது, துளியாகத் தெறிக்கிறது. முனைகள் தொட்டுத் துள்ளி மறுபடி தொடும்போது அந்த உலோக ஆவியினூடே மின்வில் பற்றிக்கொள்கிறது. செம்பு போன்ற உலோகங்களில் மின்வில் நிலைக்க ஏறத்தாழ 12 வோல்ட்டும் அரை ஆம்பியருக்குச் சற்றுக் குறைந்த ஓட்டமும் இருந்தால் போதும்.

இனி, தீர்வுக்கு வருவோம். எல்லாவற்றிலும் எளியது முன்னேற்றத் தடை. முதலில் ஒரு மின்தடை வழியாக மின்தேக்கியை நிரப்பிவிட்டு, பிறகு நேர் இணைப்பைக் கொடுப்பது. 'எக்ஸ்டி 90 எஸ்' என்னும் இணைப்பானில் இந்த ஏற்பாடு உள்ளேயே இருக்கிறது. அதைச் செருகும்போது முதலில் 5.6 ஓம் தடை வழியாகத் தொடர்பு கிடைக்கிறது. இன்னும் அழுத்தினால் முழு முனையும் சேர்கிறது. முதற்கணத்து ஓட்டம் 500-க்குப் பதிலாக 9 ஆம்பியர். காலமாறிலி 11 மில்லி நொடி. கை எவ்வளவு விரைவாகச் செருகினாலும் முழு முனை சேர்வதற்குள் மின்தேக்கி பெரும்பாலும் நிரம்பியிருக்கும். மிச்சமிருக்கும் வேறுபாடு அரை வோல்ட்டுக்கும் குறைவு. அரை வோல்ட்டில் மின்வில்லுக்கு இடமேது? மின்சாரக் கார்களிலும் இதே முறைதான். அங்கே மின்னழுத்தம் பல நூறு வோல்ட் ஆகையால், ஒரு சிறு ரிலே முதலில் தடை வழியாக இணைத்து, பெரிய ரிலே பிறகு மூடும்.

இரண்டாவது வழி மாஸ்ஃபெட். இது அசையும் முனை எதுவும் இல்லாத குறைகடத்திச் சுவிட்சு. அதன் கதவுமுனை மின்னழுத்தத்தை மெதுவாக ஏற்றினால், குழாயைச் சிறிது சிறிதாகத் திறப்பதுபோல் மின்னோட்டமும் மெதுவாக ஏறும். பொறி அறவே இல்லை. பார்க்க நேர்த்தியான முறை. ஆனால் எனக்கு இதில் முழுத் திருப்தி இல்லை. மேலே சொன்ன 2.5 ஜூல் இப்போது அந்தச் சிறு சிலிக்கன் துண்டின் தலையில் விழுகிறது. பாதி திறந்த நிலையில் அதன்மீது 25 வோல்ட்டும் ஊடே 10 ஆம்பியரும் இருந்தால், 250 வாட்! சில மில்லி நொடிதான் என்றாலும், மலிவான மாஸ்ஃபெட் அதைத் தாங்காது. பழுதாகும்போது அது பெரும்பாலும் திறந்த நிலையில் நிற்பதில்லை. குறுக்குச் சுற்றாகவே ஒட்டிக்கொள்கிறது. அதாவது, அணைத்துவிட்டோம் என்று நீங்கள் நினைக்கும் வண்டி உண்மையில் அணையவில்லை. ஆகையால்தான் அனுபவசாலிகள் வெளியே கையால் பிடுங்கக்கூடிய ஓர் இணைப்புச் சாவியையே விரும்புகிறார்கள். கையில் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட செம்புத் துண்டு வழியாக மின்சாரம் பாயாது! ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: ஓடும்போது எந்தச் சுவிட்சையும் அணைக்கக் கூடாது. இந்தப் பலகைக்குப் பிரேக்கும் அதே மோட்டார்தான்.

சிலர் கடையில் கிடைக்கும் வீட்டுச் சுவிட்சையே பாட்டரிச் சுற்றில் போட்டுவிடுகிறார்கள். 230 வோல்ட் தாங்கும் சுவிட்சுக்கு 50 வோல்ட் எம்மாத்திரம் என்பது அவர்கள் வாதம். இது தவறு. வீட்டு மின்சாரம் மாறுதிசை. நொடிக்கு 100 தடவை சுழியைத் தொடுகிறது. சுவிட்சைத் திறக்கும்போது தோன்றும் மின்வில், அடுத்த சுழி வந்ததும் தானே அணைகிறது. பாட்டரியின் நேர்திசை ஓட்டத்தில் சுழி வருவதே இல்லை. மின்வில் எரிந்துகொண்டே இருக்கலாம், பிளாஸ்டிக் உருகலாம். கமுதியில் 2016-இல் அமைந்த 648 மெகாவாட் சூரிய மின்நிலையமானாலும், உங்கள் மாடியில் உள்ள சூரியத் தகடானாலும், நேர்திசைக்கென்று தனியாகச் செய்த சுவிட்சுகளையே பயன்படுத்த வேண்டியிருப்பது இதனால்தான்.

இப்போது மிக முக்கியமான கேள்வி. 'பொறி தடுப்பு' என்று எழுதியிருக்கும் சுவிட்சை வெடிமருந்து உள்ள இடத்தில் பயன்படுத்தலாமா?

கூடாது. 9 ஆம்பியரில் முனையைத் தொடும்போதும் ஒரு சிறு பொறி உண்டு. அது கண்ணுக்குத் தெரியாமல் போகலாம், அவ்வளவே. இந்தச் சுவிட்சுகள் காப்பது இணைப்பு முனையை, சுற்றுப்புறத்தை அன்று. மீத்தேனும் காற்றும் கலந்த கலவையைப் பற்றவைக்க 0.3 மில்லி ஜூல்கூட வேண்டாம். நம் 2.5 ஜூல் அதைப்போல் எட்டாயிரம் மடங்குக்கும் மேல். நைலான் சட்டை போட்டு நடந்தவர் உடலில் 10,000 வோல்ட் நிலைமின்னேற்றம் சேர்ந்தால், உடலின் மின்தேக்குத் திறன் 100 பைக்கோ ஃபாரட் என்று வைத்துக்கொண்டாலும், 5 மில்லி ஜூல் ஆகிறது. பட்டாசு ஆலைகளில் பருத்தி உடை வற்புறுத்தப்படுவதும், இரும்புக் கருவி தவிர்த்து மரம், பித்தளைக் கருவிகளே கையாளப்படுவதும், அறைக்குள் நுழையுமுன் தரையிணைப்புள்ள உலோகத் தகட்டைத் தொட்டுவிட்டுப் போகச் சொல்வதும் இதற்காகத்தான். தகடு வாசலுக்கு வெளியே இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். தொடும்போதே ஒரு பொறி பறக்கக்கூடும். அது மருந்துக்குப் பக்கத்தில் பறக்கக் கூடாது அல்லவா? பொட்டாசியம் நைட்ரேட்டும் கந்தகமும் அலுமினியத் தூளும் கலந்த மருந்து, உராய்வுக்கும் பொறிக்கும் எளிதில் மசிவது.

இந்தப் பாடத்தை உலகம் விலை கொடுத்துக் கற்றது. 1913 அக்டோபர் 14 அன்று வேல்ஸ் நாட்டின் செங்கெனித் நிலக்கரிச் சுரங்கத்தில் நிகழ்ந்த வெடிவிபத்தில் 439 தொழிலாளர் மாண்டனர். காரணம் முடிவாக நிறுவப்படவில்லை. ஆயினும் பாட்டரியில் இயங்கிய சைகை மணிச் சுற்றின் பொறிமீது ஐயம் விழுந்தது. சில வோல்ட் பாட்டரி என்ன செய்துவிடும் என்றிருந்த எண்ணம் அதோடு தொலைந்தது. அதன்பின் வீலர், தார்ன்டன் போன்ற அறிஞர்கள் செய்த ஆய்வுகளிலிருந்து, பொறி தோன்றினாலும் அதன் ஆற்றல் பற்றவைக்கப் போதாதபடி சுற்றையே வடிவமைக்கும் முறை பிறந்தது. அத்தகைய கருவிகளையும், உள்ளே வெடித்தாலும் சுடர் வெளியே வராத 'ஃபிளேம்புரூஃப்' பெட்டிகளையும் நம் நாட்டில் தன்பாத் நகரிலுள்ள மத்திய சுரங்க, எரிபொருள் ஆராய்ச்சி நிறுவனம் சோதிக்கிறது. பலகைக்கென்று விற்கும் சுவிட்சு இத்தகைய சோதனைக்கு உட்பட்டதன்று.

நம் வட்டாரத்திலும் 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரி 12-இல் அச்சங்குளத்திலும் நடந்தவற்றை யாரும் மறக்கவில்லை. முன்னதில் ஏறத்தாழ நாற்பது பேரும், பின்னதில் இருபதுக்கும் மேற்பட்டோரும் உயிரிழந்தனர். அவற்றுக்கு மின்பொறி காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் உரிமமின்றி வீட்டுக்குள் திரியும் மருந்தும் வைத்து வேலை செய்யும் வழக்கம் சில இடங்களில் இன்னும் ஒழியவில்லை. அந்த வீட்டுப் பிள்ளையும் கல்லூரியில் படிக்கிறான். மின்சார வண்டி செய்ய ஆசைப்படுகிறான்.

அப்படி ஒரு மாணவர் இதைப் படித்தால், அவருக்கு என் வேண்டுகோள் இதுதான். பாட்டரி இணைப்பு, பற்றவைப்பு, மின்னேற்றம் எல்லாவற்றையும் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். செய்முறை எளிது. 500 ஓம், 10 வாட் மின்தடை ஒன்றை ஓர் அழுத்து பொத்தானுடன் தொடராக வைத்து, முதன்மைச் சுவிட்சுக்கு இணையாகப் பொருத்துங்கள். ஓட்டம் 0.1 ஆம்பியருக்கு மேல் போகாது. காலமாறிலி 1 நொடி. பொத்தானை ஐந்து நொடி அழுத்திப் பிடித்தபடியே முதன்மைச் சுவிட்சை மூடுங்கள். வோல்ட்மீட்டரை மின்தேக்கியின் முனைகளில் வைத்துப் பார்த்தால், முதல் நொடி முடிவில் 32 வோல்ட் அளவும், மூன்றாவது நொடியில் 48 வோல்ட் அளவும் ஏறியிருக்கும்.