மேடைக்கு வெளியே நின்றவர்கள்

1992-ஆம் ஆண்டு தை மாதம் பரமத்தி வேலூரில் எனக்குத் திருமணம் நடந்தது. அதன் விடியோ நாடா இன்றும் என்னிடம் இருக்கிறது. மூன்று மணி நேரம் ஓடும் அந்த நாடாவில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம், உறவினர்கள் வரிசையாக மேடையேறி, அன்பளிப்பைக் கொடுத்துவிட்டு, விளக்கொளியில் கண் கூசி நிற்கிறார்கள். என் தாயார் ஒரே ஓரிடத்தில், சமையற்கூட வாயிலருகே தூணோரமாகச் சில விநாடிகள் தென்படுகிறார். அவர் கணவரை இழந்தவர். அன்றைய வழக்கப்படி மணமேடைக்கு வரவில்லை. ஒளிப்பதிவாளரோ மேடையை விட்டு நகரவில்லை. 2009-இல் அம்மா மறைந்த பிறகு, அவர் குரலைக் கேட்க விரும்பி அந்த நாடாவை ஓடவிட்டேன். அதில் அவர் குரல் இல்லை.

சென்ற ஆண்டு என் மகனுக்குத் திருமணம் நிச்சயமானபோது, படப்பிடிப்புக் குழுவினர் ஒரு கட்டணப் பட்டியலைத் தந்தனர். மூன்று கேமராக்கள், ஒரு ட்ரோன், காவிரிக் கரையில் மணமக்களின் முன்படப்பிடிப்பு என அதில் எல்லாம் இருந்தன. யாரை, எந்தத் தருணத்தை எடுக்க வேண்டும் என்ற கேள்விக்கு மட்டும் அதில் இடமில்லை. அந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர்கள் குடும்பத்தினர்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

முப்பது ஆண்டுகளுக்கு முன்பு கேமரா மேடையிலேயே நின்றதற்குக் காரணம் இருந்தது. அன்றைய கேமராவுக்குப் பலத்த வெளிச்சம் தேவை. விளக்குக்கு மின்கம்பி தேவை. கம்பி எட்டும் தொலைவே கேமராவின் எல்லை. நாடாவின் நீளமும் வரையறுக்கப்பட்டது. இன்று கையடக்கக் கேமரா மங்கிய ஒளியிலும் தெளிவாகப் படமெடுக்கிறது. தடைகள் நீங்கிவிட்டன, பழக்கம் மட்டும் நீங்கவில்லை. மூன்று கேமராக்கள் வந்தாலும் மூன்றும் மேடையையே மொய்க்கின்றன.

எதை எடுப்பது என்று திட்டமிட மூன்று கேள்விகள் போதும் என்பது என் அனுபவம். முதலாவது, ஒரே முறை நிகழ்ந்து விரைவில் முடிந்துவிடுவது எது? கொங்குத் திருமணத்தில் மாங்கல்யதாரணத்துக்கு இணையாகப் போற்றப்படும் சீர்கள் பல உண்டு. மணமகனும் அவனுடைய உடன்பிறந்தவளும் சேர்ந்து செய்யும் இணைச்சீர் அவற்றுள் ஒன்று. பிறந்த வீட்டில் பெண்ணுக்குள்ள உரிமையை நினைவூட்டும் சடங்கு என்று பெரியவர்கள் இதற்கு விளக்கம் சொல்வர். வெளியூர்ப் படப்பிடிப்புக் குழுவுக்கு இது எப்போது தொடங்கும், யார் எங்கு நிற்பார் என்பது தெரியாது. எனவே, சீர்களின் வரிசையை அருமைக்காரரிடம் கேட்டு எழுதி, முதல் நாளே அவர்களிடம் கொடுத்துவிட வேண்டும்.

இரண்டாவது, காதால் மட்டுமே காக்கக்கூடியது எது? கம்பர் பாடியதாக மரபு கூறும் மங்கல வாழ்த்து கொங்கு வேளாளர் திருமணங்களில் இன்றும் ஒலிக்கிறது. முடிதிருத்தும் தொழில் மரபில் வந்த குடிமகன் அதைப் பாடுவார். திருமணச் சடங்குகளையே வரிசையாகச் சொல்லிச் செல்லும் அந்த வாழ்த்தை முழுமையாகப் பாடத் தெரிந்தவர்கள் இப்போது அரிதாகி வருகின்றனர். பெரும்பாலான விடியோக்களில் அந்த இடத்தில் திரைப்பாடலை ஒட்டிவிடுகிறார்கள். பாடுபவரின் சட்டையில் ஒரு சிறு ஒலிவாங்கியைப் பொருத்தினால் போதும். மண்டபத்தின் இரைச்சலுக்கிடையிலும் குரல் தனியே பதிவாகிவிடும். கனடிய மானுடவியல் அறிஞர் பிரெண்டா பெக், 1965-இல் காங்கயம் பகுதியில் அண்ணன்மார் கதையை ஒலிநாடாவில் பதிவு செய்தார். கதை சொன்னவரின் குரல் நமக்குக் கிடைத்திருப்பது அந்தப் பதிவால்தான்.

மூன்றாவது, மேடைக்கு வராதவர்கள் யார்? அதிகாலையில் வாழைமரம் கட்டுபவர், வெற்றிலைக் கவுளியைப் பிரித்து அடுக்கும் பெண்கள், அடுப்பங்கரையில் நிற்பவர்கள், மூட்டுவலியால் படியேற முடியாத முதியவர்கள், வழக்கத்தின் பேரால் ஒதுங்கி நிற்கும் கைம்பெண்கள். இவர்களின் பெயர்களை எழுதினால் மட்டும் போதாது. உறவுமுறை அறிந்த இளைஞர் ஒருவரை ஒளிப்பதிவாளருடன் அனுப்பி, ஒவ்வொருவரையும் அடையாளம் காட்டச் செய்ய வேண்டும். எடுக்க வேண்டாதவற்றையும் அதே தாளில் எழுதலாம். பந்தியில் உண்பவரின் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டுவது அவற்றுள் முதலாவது.

எடுத்தபின் காப்பதும் திட்டத்தில் அடங்கும். என் நாடாவில் பூஞ்சை படர்ந்துவிட்டது. அதை ஓடவிடும் விஎச்எஸ் கருவியைக் கடைசிவரை தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. இன்றைய சிக்கல் வேறு. நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவாகும் 4கே படம் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி இடம் கொள்ளும். மூன்று கேமராக்கள் பத்து மணி நேரம் ஓடினால் 1,350 ஜிபி. அதனால் பலர் தொகுத்த படத்தை மட்டும் தந்துவிட்டு மூலப்பதிவை அழித்துவிடுகின்றனர். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவின்படி, மாற்று ஒப்பந்தம் இல்லாத நிலையில், கட்டணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் முதல் உரிமையாளர் எடுக்கச் சொன்னவரே. ஆயினும், மூலப்பதிவையும் தர வேண்டும் என்பதை முன்பணம் கொடுக்கும்போதே எழுதிக்கொள்வது நல்லது. அதை இரண்டு வன்தட்டுகளில் படியெடுத்து, இரண்டு வீடுகளில் வைக்க வேண்டும்.

என் மகன் திருமணத்துக்கு நாங்கள் எழுதிய பட்டியலில் முதல் பெயர் என் அத்தையுடையது. எண்பது வயதைக் கடந்தவர். அம்மாவைப் போலவே இளமையில் கணவரை இழந்தவர். முகூர்த்தத்துக்கு முதல் நாள் மாலை கேமராவுடன் சென்றபோது, “என்னையெல்லாம் எதுக்குக் கண்ணு எடுக்கறீங்க?” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு, மாட்டுவண்டி கட்டிக்கொண்டு தன் திருமணத்துக்கு ஊர் வந்ததை இருபது நிமிடம் சொன்னார்.

அந்தப் பட்டியலைப் படித்துப் பார்த்த என் மகள் ஒரு கேள்வி கேட்டாள். “மேடைக்கு வராதவங்கன்னு எழுதியிருக்கீங்களே, பெரியவங்க ஏன் வரலை?” வீட்டில் யாரிடமும் விடையில்லை. ஒளிப்பதிவாளருக்காக எழுதிய தாள் எங்களையே கேள்வி கேட்டது. ஒருவரைத் தூணோரம் நிறுத்திவிட்டு அங்கே கேமராவை அனுப்புவது பாதி நியாயம்தான். அருமைக்காரரிடம் பேசினோம், அவர் மறுக்கவில்லை. மறுநாள் காலை, மேடையேறி முதலில் அட்சதை தூவி வாழ்த்தியவர் அத்தை.

உங்கள் வீட்டுத் திருமணத்துக்குப் படப்பிடிப்புக் குழுவை அழைக்கும் முன், மேடைக்கு வராதவர்களின் பட்டியலை ஒருமுறை எழுதிப் பாருங்கள். அதில் சில பெயர்களையேனும் திருமண நாளுக்குள் அடித்துவிட முடியும்.