உஷார்! முதல் கீமோவுக்கு முன்னாலேயே கேட்டுவிடுங்கள்

பொதட்டூர்பேட்டையில் ஒரு இளம்பெண்ணுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தால் வீட்டில் எழும் முதல் கேள்வி, "பிழைச்சுக்குவாளா?" அடுத்தது, "முடி கொட்டுமா?" முடிக்கு நம்ம ஊரில் சமாளிப்பு உண்டு. திருத்தணிக்கு வேண்டுதல், மொட்டை போட்டோம் என்றால் பக்கத்துத் தறி வீட்டில்கூட மேற்கொண்டு துருவமாட்டார்கள். சிகிச்சை முடிந்தால் முடி பெரும்பாலும் வளர்ந்தும் விடும். கருமுட்டை அப்படியல்ல. அதைப் பற்றித்தான் யாரும் வாய் திறப்பதில்லை.

பெண் குழந்தை பிறக்கும்போதே 10 முதல் 20 லட்சம் முட்டைகளோடு பிறக்கிறது. வயதுக்கு வரும்போது மிஞ்சுவது மூன்று, நான்கு லட்சம். புதிதாக எதுவும் உண்டாவதில்லை. மார்பகப் புற்றுநோய்க்கும் சில நிணநீர்ப் புற்றுநோய்களுக்கும் கொடுக்கும் சைக்ளோஃபாஸ்ஃபமைடு போன்ற மருந்துகள் இந்தக் கையிருப்பையே அழிக்கக்கூடியவை. இடுப்புப் பகுதிக் கதிர்வீச்சு சூலகத்தோடு கருப்பையையும் பாதிக்கும். எல்லா மருந்தும் ஒரே அளவு கெடுதல் செய்வதில்லை; வயதும் அளவும் முக்கியம். அதனால்தான் 'எனக்குக் கொடுக்கப்போகும் மருந்து என்ன செய்யும்?' என்று அவரவர் கேட்டாக வேண்டும்.

கேட்பது யார்? டாக்டர் அறைக்குள் ஃபைலோடு அப்பாவும் சித்தப்பாவும் போவார்கள். பொண்ணு வெளியே பெஞ்சில். கல்யாணம் ஆகாதவள் முன்னால் குழந்தைப் பேச்சு எதற்கு என்று அம்மா தடுத்துவிடுவார். ஓபி கூட்டத்தில் மூச்சு முட்டும் டாக்டர் தானாகவே சொல்லிவிடுவார் என்று நம்பி உட்காராதீர்கள். அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவச் சங்கம் 2006-லேயே, சிகிச்சைக்கு முன் இதைப் பேசியாக வேண்டும் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. பொண்ணை உள்ளே கூட்டிப் போங்கள். அவள் உடம்பு, அவள்தான் பேச வேண்டும்.

நேரம்தான் ஆபத்து. சிகிச்சைக்கு முன்பே முட்டைகளை எடுத்து உறையவைத்துச் சேமிக்கலாம்; அதற்கு ஏறத்தாழ இரண்டு வாரம் போதும். மாதவிலக்குக்காகக் காத்திருக்கத் தேவையில்லை, சுழற்சியின் எந்த நாளிலும் முட்டை வளர்க்கும் ஊசியைத் தொடங்கலாம். மார்பகப் புற்றுநோய் என்றால் ஈஸ்ட்ரோஜன் ஏறாமலிருக்க லெட்ரோசோல் மாத்திரையும் சேர்ப்பார்கள். ஸ்கேன், பயாப்சி என்று அலையும் நாட்களிலேயே இதையும் முடித்துவிட வழியுண்டு. முதல் கீமோ ஏறிய பிறகு ஓடி வந்தால் வாய்ப்பு குறைந்துவிட்டது என்றே வையுங்கள். ஆனால் தீவிர ரத்தப் புற்றுநோய்க்குப் பல சமயம் இரண்டு நாள்கூடத் தள்ள முடியாது. அங்கே உயிர்தான் முதல்.

வயதுக்கு வராத சிறுமிக்கு? சூலகத் திசுவையே எடுத்து உறையவைக்கும் முறை இருக்கிறது. பெல்ஜியத்தில் 1997-ல் நிணநீர்ப் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு முன் திசுவைச் சேமித்த ஒரு பெண், அதைத் திரும்பப் பொருத்தி 2004-ல் குழந்தை பெற்றார். கீமோ நாட்களில் சூலகத்தை 'உறங்கவைக்கும்' மாத ஊசியும் உண்டு. அது கூடுதல் காப்புதான். முட்டை சேமிப்புக்கு ஈடாகாது.

அரசு காப்பீட்டு அட்டை கீமோவுக்கு உதவுகிறதே, முட்டை சேமிப்புக்கும் உதவும் என்று எண்ணிவிடாதீர்கள். தனியாரில் செலவு லட்சத்தைத் தாண்டும், வருடா வருடம் சேமிப்புக் கட்டணம் வேறு. முதலிலேயே கேளுங்கள். செயற்கைக் கருத்தரிப்புச் சேவைகளுக்கான 2021-ம் ஆண்டுச் சட்டப்படி பெண்ணுக்கு 21 வயது தாண்டியிருக்க வேண்டும்; வயது குறைந்தவர்களுக்கு என்ன வழி, முட்டையை எத்தனை ஆண்டு வைத்திருக்கலாம் என்று டாக்டரிடமே கேளுங்கள். கல்யாணம் ஆகியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. வேலூர் சிஎம்சியில் புற்றுநோய்க்கும் குழந்தைப்பேற்றுக்கும் தனித்தனித் துறைகள் ஒரே நிர்வாகத்தில் இருக்கின்றன. நம்மூர்க்காரர்களுக்கு அது எட்டாத தூரமில்லை. காஞ்சிபுரம் காரப்பேட்டையிலோ அடையாறிலோ உள்ள புற்றுநோய் மருத்துவமனையில் சிகிச்சை என்றால், கருத்தரிப்பு மருத்துவரிடம் காட்டச் சீட்டு எழுதித் தரச் சொல்லுங்கள்.

இன்னொரு உஷார், கல்யாணமானவர்களுக்கு. கீமோவில் தீட்டு நின்றுவிட்டால் கரு தங்காது என்று எண்ண வேண்டாம். தங்கிவிடலாம், அந்த மருந்துகள் கருவுக்கு ஆகாது. மார்பகப் புற்றுநோய்க்கான ஹார்மோன் சிகிச்சையாகத் தமாக்ஸிஃபென் சாப்பிடுபவர்களுக்கும் இதேதான். மார்பகப் புற்றுநோய்க்காரர்களுக்குக் கர்ப்பத்தடைக்கு ஹார்மோன் மாத்திரை ஆகாது, காப்பர்-டி அல்லது ஆணுறைதான். குழந்தை வேண்டும் என்றால் தமாக்ஸிஃபென் மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் நாள் குறித்துக்கொள்ளுங்கள். 2023-ல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வில், ஒன்றரை முதல் இரண்டரை வருடம் ஹார்மோன் சிகிச்சை எடுத்தபின் கர்ப்பத்துக்காக அதை இடைநிறுத்திய பெண்களுக்கு, முதல் சில வருடங்களில் நோய் திரும்புவது கூடவில்லை.