வாடகை அறையும் வாயில்லாச் சீவனும்

நாய் வளர்த்தல் யாழ்ப்பாணத்தார்க்குப் புதிய வழக்கமன்று. படலைக்குக் காவலாகவும், பிள்ளைகளுக்குத் தோழனாகவும் அது நம் வளவுகளில் நெடுங்காலம் வாழ்ந்து வருகின்றது. எனினும் வீட்டு நாயை வளர்ப்பது தனியொருவர் அன்று. குடும்பம் முழுவதுமே அதனை வளர்க்கின்றது. ஒருவர் வெளியூர் சென்றால் மற்றொருவர் சோறு வைப்பர். வாடகை அறையிலிருந்து பயிலும் மாணவரின் நிலையோ வேறு. அவருக்குப் பின்னால் அவ்வூரில் குடும்பம் இல்லை. ஆதலின் குடும்பம் சுமக்கும் பொறுப்பு முழுவதையும் அவர் ஒருவரே சுமத்தல் வேண்டும்.

1974ஆம் ஆண்டு திருநெல்வேலியில் வளாகமாகத் தொடங்கி, 1979இல் தனிப் பல்கலைக்கழகமாகிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு நாட்டின் பல பாகங்களிலிருந்தும் மாணவர் வருகின்றனர். விடுதியில் இடம் பெறாதோர் திருநெல்வேலி, கொக்குவில், கோண்டாவில் ஆகிய ஊர்களில் அறை எடுத்துத் தங்குகின்றனர். நம் கல்லூரியினின்று பேராதனைக்கும் மொறட்டுவைக்கும் செல்லும் இளைஞரும் அங்ஙனமே வாழ்கின்றனர். தனிமையை ஆற்ற ஒரு குட்டியை எடுத்து வளர்க்க அவர்கள் விரும்புதல் இயல்பே. அவ்விரக்கம் பாராட்டத்தக்கது, ஆயினும் இரக்கம் மட்டும் போதாது.

முதலில் எண்ண வேண்டியது காலக் கணக்கு. பட்டப்படிப்பு மூன்று அல்லது நான்கு ஆண்டுகளில் முடியும். நாயோ பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் வாழக்கூடியது. பூனை அதனினும் கூடுதலாக வாழ்வதுண்டு. படிப்பு முடிந்து அறையைக் காலி செய்யும் நாளில் அச்சீவன் எங்கே போகும்? இவ்வினாவுக்குக் குட்டியைத் தூக்கும் முன்னரே விடை காணல் வேண்டும். மூன்று நண்பர் சேர்ந்து வளர்ப்பினும், பொறுப்பாளர் இன்னார் என்று ஒருவரைத் தீர்மானித்தல் நன்று. அல்லாவிடின் ஒருவர் மற்றவர் சோறு வைப்பார் என்றிருக்க, விடுமுறையில் அது பட்டினி கிடக்கும். பின்னர்ச் சந்தையடியிலோ கோயில் வீதியிலோ அலையும்.

இது நாயின் துன்பம் மட்டுமன்று, ஊரின் ஆபத்துமாகும். விசர்நாய்க்கடி நோய் வெளிப்பட்டபின் உயிர் பிழைத்தல் மிக மிக அரிது. இலங்கையில் 1973ஆம் ஆண்டில் மாத்திரம் 377 பேர் அந்நோயால் இறந்தனர். நாய்களுக்குத் தடுப்பூசி ஏற்றியமையாலும், கடியுண்டோர்க்கு உரிய சிகிச்சை கிடைத்தமையாலும் அத்தொகை இன்று பன்மடங்கு குறைந்துள்ளது. எனினும் நோய் ஒழிந்துவிடவில்லை. குட்டி கடித்தாலும், பூனை கீறினாலும் அதனைச் சிறிதென எண்ணலாகாது. காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசினர் வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் அதற்கு மருந்தாகா.

நாய்க்கு முதல் தடுப்பூசி ஏற்றவேண்டிய வயதை மிருக வைத்தியரிடம் கேட்டறிந்து, அதன்பின் ஆண்டுதோறும் ஏற்றுவித்து, அதற்குரிய அட்டையைப் பேணுதல் கடன். பெண்குட்டியாயின் கருத்தடைச் சத்திரசிகிச்சையும் செய்வித்தல் வேண்டும். நாய் ஏறத்தாழ 63 நாளில் ஈனும். ஒரே ஈற்றில் பல குட்டிகள் பிறக்கும். பெண்குட்டிகள் தெருவில் எறியப்படுவதற்குக் காரணம் இவ்வச்சமேயாம். நாயைப் பதிவு செய்தலும் புதிய கட்டுப்பாடன்று. 1901ஆம் ஆண்டிலேயே இந்நாட்டில் அதற்கெனச் சட்டம் இயற்றப்பட்டது.

வீட்டுக்காரரின் சம்மதத்தை முன்னரே பெறுதல் மூன்றாவது கடமை. மறைத்து வளர்க்கும் நாய் குரைத்தே தன்னைக் காட்டிக்கொடுக்கும். அதன் பின் மாணவர் அறையை இழப்பார், அல்லது நாய் அவரை இழக்கும். வேலிப் பொட்டால் அயல் வளவுக்குள் புகாமற் காத்தலும், முற்றத்தையும் கிணற்றடியையும் துப்புரவாக வைத்தலும் அவர் பொறுப்பே. வீடுகளை வாடகைக்கு விடும் பழைய மாணவர்க்கும் இதில் பங்குண்டு. வளர்க்கலாமா, ஆகாதா என்பதை அறை கொடுக்கும் நாளிலேயே தெளிவாகக் கூறின், பிற்பாடு எழும் மனக்கசப்புக்கு இடமில்லை.

இவற்றைச் செய்ய இயலாதவர் அன்பைத் துறக்க வேண்டுவதில்லை. வீட்டுக்காரரின் நாய்க்கு ஒருவேளை சோறு வைக்கலாம். தடுப்பூசி ஏற்றும் நாளில் தெருநாயைப் பிடித்துக் கொடுக்க உதவலாம். தன்னைத் தொடர்ந்து வந்த நாயைக் கைவிட்டுச் சுவர்க்கம் புக மாட்டேன் என்று தருமர் மறுத்த வரலாற்றைப் பாரதத்திற் கற்றவர் நாம். அழைத்து வந்த உயிரை இடைவழியில் விடலாகாது என்பதே அதன் பொருள். இறுதிவரை காக்க இயலுமாயின் ஏற்றுக்கொள்க. இயலாதாயின் அக்குட்டியை இயலக்கூடிய ஒருவர் கையிற் சேர்ப்பிக்க. அதுவும் அறமே.